பத்து முப்பத்தேழு

குடிலுக்குள் போகுமுன் ஒவ்வொன்றாய்க் கழற்றி
பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும்:
சாவிக்கொத்து, கொண்டை ஊசி, கைக்கடிகாரம்,
தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு இரண்டு.
தாலியைக் கேட்பதில்லை.
தங்கத்தைக் காந்தம் ஒரு பொருட்டாய் மதிப்பதில்லை.

கிருஷ்ணாபுரம் தாண்டி உடைமரக் காட்டுக்குள்
இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் கட்டிய குடில்.
காந்த ஊசியை இடுப்பில் நூல் கட்டித் தொங்கவிட்டால்
வடக்கே போகப் போகத் தலை கவிழும்,
துருவத்தில் குத்திட்டு நிற்கும்.
எங்கள் ஊரில் அநேகமாய்ப் படுத்தே கிடக்கும்,
வெயிலுக்குக் கட்டிலில் சாய்ந்த ஆள் மாதிரி.
உச்சிப் பொழுதில் இங்கே தலைக்கு மேல்
நூறு கிலோமீட்டர் உயரத்தில்
மின்சாரம் ஓர் ஆறாய் ஓடுகிறது,
தாமிரபரணி போலவே கிழக்கு பார்த்து.
எட்டு வருஷமாய் அதன் கோட்டை வாசிக்கிறேன்.
நனைந்தது கிடையாது.

அன்று சித்திரை கடைசி வெள்ளி.
இரவு வேலை என்னுடையது.
பத்து முப்பத்தேழுக்குத் திரையில் கோடு
தேள் கொட்டியது போல் துள்ளியது.
யாரென்று எனக்குத் தெரியும்.
வேலிக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச
மொபெட்டில் வருகிற சங்கிலிபூதம்,
பேரில்கூட இரும்பு வைத்திருக்கிற ஆள்.
பதிவேட்டில் அவன் பெயரை எழுதி
டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.

“வண்டிய தூர நிப்பாட்டுன்னு எத்தன தடவ சொல்லுதேன்?”
“வண்டி பஞ்சர்லா யக்கா. வீட்டுல கெடக்கு. நடந்துதான் வாரேன்.”
“மம்பட்டி?”
“அது கீழநத்தத்துல, பட்டறையில.”
இடுப்பில் துண்டு, வாயில் பாக்கு.
இரும்பென்றால் அவன் ரத்தத்தில் இருப்பதுதான்.

திரும்பி வந்தால் கோடு
கிணற்றில் நழுவிய வாளியாய் இறங்குகிறது.
நாற்பதாயிரத்தில் ஐம்பது போனது, நூறு போனது,
இருநூறு.
பம்பாயிலிருந்து தொலைபேசி:
“உங்களுக்கும் விழுகிறதா?”
விழுகிறது சார், விழுந்துகொண்டே இருக்கிறது.

அதற்குள் கொழுந்தன் உறவுக்கெல்லாம் அனுப்பிவிட்டான்:
நள்ளிரவு முதல் மூன்றரை வரை
கைபேசியை அணைத்து உடம்பைவிட்டுத் தள்ளி வைக்கவும்,
அண்டக்கதிர்கள் பூமியை நெருங்கிக் கடக்கின்றன,
சிங்கப்பூர் டிவியில் சொன்னார்கள்.
போன வருஷமும் இதே கதிர்
இதே எழுத்துப்பிழையோடு கடந்தது.

சங்கிலிபூதம் வேலியோரம் அசையாமல் நிற்கிறான்,
அசைந்தால் கோடு கெடுமோ என்று.
“நான் இல்லன்னா, அப்போ யாருக்கா அது?”
“சூரியன்.”
“ராத்திரியிலயா?”
ரெண்டு நாளைக்கு முன்னால கிளம்பினது
இப்போதான் வந்து சேருது என்றேன்.
“திருச்செந்தூர் பாசஞ்சர் மாதிரி”
என்று ஒத்துக்கொண்டான்.
பிறகு வரப்பில் துண்டை விரித்து மல்லாந்தான்.

விடிவதற்குள் கைபேசியில் வந்து நிறைந்தன:
லடாக்கில் ரோஜா வண்ண வானம்,
எங்கோ ஒரு தேவாலயத்தின் மேல் பச்சைத் திரை,
மொட்டைமாடியில் ராச்சட்டையோடு கூவுகிற குடும்பம்.
எங்கள் வானத்தில் ஒரு சிட்டிகை இல்லை.
இரவெல்லாம் கண்கொட்டாமல் பார்த்தவன்
கிழக்கே சிவப்பாய் ஒன்றைக் காட்டி
“அதுவா யக்கா?” என்றான்.
“அது செல்போன் டவர்.”
சரி என்று எழுந்து மோட்டாரைப் போடப் போனான்.
வாழைக்கு அன்று ஒரு மணி நேரம் தாமதம்.

நாற்பதாயிரத்தில் நானூறு.
பீரோவில் ஒட்டுகிற காந்தப் பொம்மைக்கு
இது கால் தூசு பெறாது.
ஆனாலும் பூமி மொத்தமும் ஒரே இரவில்
ஒரு சதவீதம் கை தளர்ந்திருந்தது,
மேலப்பாளையத்தில் யாரோ வடைக்கு உளுந்து ஊறப்போட்ட நேரம்.

காலை ஷிஃப்டுக்கு ஞானதுரை வந்தார்.
டப்பாவிலிருந்து ஊக்கை எடுத்து மாட்டிக்கொண்டே
பதிவேட்டைத் திறந்தேன்.
‘10.37. சங்கிலிபூதம், மொபெட்.’
ஒரே கோடாய் அடித்துப் பக்கத்தில் ‘சூரியன்’ என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
அடித்தது லேசாகத்தான்.
அவன் பெயர் இன்னும் வாசிக்கக் கிடைக்கும்.